நைனாவின் சைக்கிளும் நின்றுபோன என் கல்யாணமும்

பெரிய மாமா எழுதிக் கொடுத்த கட்டுரையை நான் அச்சகத்துக்கு அனுப்பவில்லை. நான்கு பக்கங்களில் ஒன்பது இடங்களில் "எளிமை" என்று எழுதியிருந்தார். "காரில் செல்ல வசதியிருந்தும் கடைசிவரை சைக்கிளிலேயே சென்ற எளிமையின் சிகரம்" என்று ஒரு வரி. நைனா என்று நாங்கள் அழைத்த எங்கள் அப்பாவுக்குக் காரில் செல்லும் வசதி ஒருநாளும் இருந்ததில்லை. எளிமையும் இருந்ததில்லை. கும்மிடிப்பூண்டி வட்டாரத்திலேயே கர்வம் மிகுந்த மனிதர் அவர்தான். அந்தக் கர்வத்துக்கு அவரிடம் இரண்டு கால்களும் ஒரு சைக்கிளும் இருந்தன. அவரைக் குறை சொன்னவர்களிடம் அந்த அளவுக்குக்கூட எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

நைனாவின் நினைவு மலரை அச்சிடும் பொறுப்பை ஏற்ற அண்ணன், "நீதான் தமிழ் டீச்சராச்சே, நீயே எழுதிடு. நாலு நல்ல வார்த்தையா எழுது" என்றார். நல்ல வார்த்தைகள் நைனாவுக்கு. மற்றவை யாருக்கு என்பது படிக்கும்போது அவரவர்க்கே தெரியும்.

நைனா பிறந்தது ஊத்துக்கோட்டைக்கு அப்பால், இன்று ஆந்திர எல்லை என்று சொல்லப்படும் இடத்தை ஒட்டிய ஒரு சிற்றூரில். வீட்டில் தமிழும் சந்தையில் தெலுங்கும் பேசி வளர்ந்தவர். பத்து வயதில் தம் தகப்பனாரைப் பெரியம்மைக்குப் பறிகொடுத்தார். அம்மை கண்ட வீட்டுக்குள் கால் வைக்கப் பயந்து, உறவினர்கள் தெருமுனையிலேயே நின்று அழுதுவிட்டுப் போனார்களாம். சாவு வீட்டில் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கக்கூட ஆளில்லை. எட்ட நின்று அழுவது நம் குடும்பத்தில் புதிய வழக்கமல்ல என்பதற்காகவே இதை இங்கே குறிப்பிடுகிறேன்.

அந்தச் சிறுவர் திருவள்ளூரில் படித்து, இருபத்தோரு வயதில் அம்மை குத்தும், அதாவது பெரியம்மைத் தடுப்பூசி போடும் உத்தியோகத்தில் சேர்ந்தார். வேறு வேலைகளும் கிடைத்திருக்கும். அவர் கேட்டு வாங்கியது இதைத்தான். இரண்டு ஆண்டுகள் நடந்தே ஊர் ஊராகப் போனார். மூன்றாம் ஆண்டு ஒரு கறுப்பு சைக்கிள் வாங்கினார். அன்று முதல் நாளொன்றுக்கு இருபது மைலுக்குக் குறைந்து அவர் மிதித்ததில்லை. பழவேற்காட்டு ஏரிக்கு அப்பால் உள்ள குப்பங்களுக்குச் சைக்கிளைப் படகில் ஏற்றிக்கொண்டு போவார். மணலில் அது உருளாத இடங்களில் தோளில் தூக்கிக்கொள்வார்.

அவர் சைக்கிள் மணியைக் கேட்டதும் ஊரே ஓடி ஒளியுமாம். கையில் கீறல் விழும், இரண்டு நாள் காய்ச்சல் வரும் என்ற பயம். அப்படி ஓரூரில், வைக்கோல் போருக்குள் ஒளிந்திருந்த இருபது வயது இளைஞர் ஒருவரை நைனா காலைப் பிடித்து வெளியே இழுத்து அம்மை குத்தினார். அந்த இளைஞர் போட்ட கூச்சலைக் கேட்டு வெளியே வந்த அவருடைய தங்கை, "இதுக்கா இந்தக் கத்து கத்தற?" என்று தன் கையைத் தானாகவே நீட்டினாராம். அந்தத் தங்கைதான் எங்கள் அம்மா. வைக்கோலில் இருந்து வெளியே வந்தவர் பெரிய மாமா. அவருடைய இடது கையில் அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது. இத்தனை காலம் அவர் உயிரோடிருந்து நைனாவைப் பற்றிப் பேசியதற்கு அந்தத் தழும்பும் ஒரு காரணம்.

எனக்குப் பதினான்கு வயதாகும்போது அம்மா காய்ச்சலில் இறந்துபோனார். அண்ணனுக்குப் பத்தொன்பது. மறுமணம் செய்துகொள்ளும்படி நைனாவுக்கு அறிவுரை சொல்ல வந்தவர்கள் பலர். எங்கள் இருவரையும் பத்து நாள் வைத்துக்கொள்கிறோம் என்று சொன்னவர் ஒருவருமில்லை. நைனா விடியற்காலையில் எழுந்து சோறு வடித்து, எனக்குத் தலை பின்னி, ஏழு மணிக்குச் சைக்கிளை எடுப்பார். அவர் பின்னும் சடை ஒருபக்கம் இழுத்துக்கொண்டு நிற்கும். அதை அவிழ்த்துப் பின்ன எனக்கு மனம் வந்ததில்லை.

ஐம்பத்தைந்து வயதில் ஓய்வு பெற்றார். அலுவலகத்தில் ஒரு மாலையும் ஒரு குடையும் கொடுத்தார்கள். அன்று வீட்டுக்கு வந்த பெரிய மாமா, "மாமா, ஓடினதெல்லாம் போதும். இனிமே ஈஸிசேர்தான்" என்றார்.

"அது ஒனக்கு மச்சான். ஒனக்குப் பொறந்ததுல இருந்தே அதுதானே" என்றார் நைனா.

மறுநாள் ஏழு மணிக்குச் சைக்கிள் வழக்கம்போல் கிளம்பியது. எளாவூர், ஆரம்பாக்கம் வரை போய்த் திரும்புவார். போகிற ஊர்களில் யாருக்காவது மனு எழுத வேண்டியிருந்தால் எழுதுவார். கடிதம் படிக்க வேண்டியிருந்தால் படிப்பார். ஒன்றுமில்லாத நாளிலும் போவார். "சம்பளம் நின்னுபோச்சி, இன்னும் எங்க போய்க்கினு இருக்கார் இந்த மனுஷன்?" என்று நம் உறவினர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். சம்பளம் இல்லாமல் ஒரு மனிதன் வீட்டு வாசலைத் தாண்டுவான் என்பதை அவர்களால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அவருக்கு அறுபத்து நான்கு வயதானபோது எனக்கு ஒரு வரன் வந்தது. நான் அப்போது கும்மிடிப்பூண்டியில் ஆசிரியை. மாப்பிள்ளை வீட்டார் திருவள்ளூரில் துணிக்கடை வைத்திருந்தார்கள். சொந்தக் கார் உண்டு. கொண்டுவந்தவர் பெரிய மாமா. பெண் பார்த்துப் போனார்கள். எனக்கும் அவரைப் பிடித்திருந்தது. அதை மறைப்பதற்கில்லை. பேச்சு மென்மையாக இருந்தது. மென்மைக்கும் முதுகெலும்பு இல்லாமைக்கும் உள்ள வேறுபாடு அப்போது எனக்குத் தெரியாது.

நாள் குறித்த தாளையும் தாம்பூலத்தையும் எடுத்துக்கொண்டு நைனா திருவள்ளூருக்குச் சைக்கிளிலேயே புறப்பட்டார். முப்பது மைலுக்கு மேல். மறுநாள் திரும்பி வந்து, நடந்ததை எங்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பெரியபாளையம் தாண்டி ஒரு புளியமரத்தடியில், முன்பக்கம் புகைந்துகொண்டு ஒரு கார் நின்றிருந்ததாம். பக்கத்தில் வேர்வை வழிய நின்றவர் சம்பந்தி. அம்மன் கோயிலுக்குப் போய்விட்டுக் குடும்பத்தோடு திரும்பியவர்.

நைனா இறங்கி, "வாங்க சம்பந்தி, கேரியர்ல குந்துங்க. நேரா உங்க ஊட்டாண்ட உட்டுட்றேன்" என்றாராம். அவர் மனதாரத்தான் அழைத்திருக்கிறார். ஆனால் காருக்குள் இருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். சம்பந்தி மறுத்துவிட்டார். நைனா மிதித்துக்கொண்டு முன்னே போய், அவர்கள் வீட்டில் மோர் வாங்கிக் குடித்து, முகம் கழுவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வெகுநேரம் கழித்துப் பேருந்தில் நசுங்கி வந்து இறங்கிய சம்பந்தியை, அவருடைய வீட்டு வாசலிலேயே நின்று "வாங்க, வாங்க" என்று வரவேற்றிருக்கிறார்.

ஒரு வாரத்தில் பெரிய மாமா வந்தார். முகத்தில் கவலையை வைத்திருந்தார். உள்ளே இருந்த மகிழ்ச்சி அதைத் தாண்டித் தெரிந்தது.

"மாமா, அது பெரிய எடம். சம்பந்தி சைக்கிள்ல வந்து எறங்கினா தெருவுல நாலு பேரு இன்னா பேசுவான்? இனிமே நீங்க சைக்கிளத் தொடக்கூடாதாம். கல்யாணத்துக்கு முன்னாடியும் சரி, பின்னாடியும் சரி. அவங்க கேக்கறது அது ஒண்ணுதான்."

"தொட்டா இன்னா ஆவுமாம்?"

"வேற எடம் பாத்துக்குவாங்களாம்."

அண்ணனும் கூட இருந்தார். "நைனா, ஒரு சைக்கிளுக்காகப் பேஜார் பண்ணாதீங்க. வயசும் ஆயிடிச்சி" என்றார். அண்ணனுக்கு அப்போது முப்பத்தோரு வயது. பேருந்துக்காகக் கால்மணி நேரம் நின்றால் முழங்காலைத் தடவிக்கொள்பவர்.

நைனா அவர்கள் இருவரையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "ஒனக்கு அந்தப் புள்ளையப் புடிச்சிக்கிதாம்மா?"

நான் தலையாட்டினேன்.

"அப்போ சரி."

அவ்வளவுதான். மறுநாள் காலை சைக்கிளை ரயிலடிக்குப் பக்கத்தில் காதர் பாயின் சைக்கிள் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனார். அன்று அவர் அதில் ஏறவில்லை. "இத வெச்சிக்க பாய். யாராவது கேட்டா குடுத்துடு" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்து வந்தார். பாய் ஒன்றும் கேட்காமல் சைக்கிளைக் கயிறு கட்டி உத்தரத்தில் தொங்கவிட்டார்.

அதன்பின் பதினோரு நாள்கள். கல்யாண வேலையாக நைனா ஊத்துக்கோட்டைக்கும் பெரியபாளையத்துக்கும் பேருந்தில் போய்வந்தார். பேருந்தின் நாற்றம் அவருக்கு என்றுமே ஒத்துக்கொண்டதில்லை. ஏறினால் வாந்தி. வீட்டுக்கு வந்து சுருண்டு படுத்துக்கொள்வார். சாப்பாடு குறைந்தது. கணுக்கால் வீங்கியது. அறுபத்து நான்கு வயது மனிதராக அவரை நான் முதன்முதலாகப் பார்த்தது அந்த நாள்களில்தான். பெரிய மாமா வந்து பார்த்துவிட்டு, "பாத்தியா, ஒடம்பு எவ்ளோ தளர்ந்துபோச்சி. இந்த ஒடம்ப வெச்சிக்கினா சைக்கிள் ஓட்டிக்கினு இருந்தார்" என்றார். அவருடைய அறிவு எட்டிய தூரம் அவ்வளவுதான்.

நான் வாய் திறக்கவில்லை. பள்ளிக்குப் போனேன், வந்தேன், கல்யாணப் புடவையின் நிறத்தைப் பற்றி யோசித்தேன். இந்தக் கட்டுரையில் மற்றவர்களை நான் எப்படிப் பார்க்கிறேனோ, அந்தப் பதினோரு நாள்களின் என்னையும் அப்படியேதான் பார்க்கிறேன். ஒரே ஒரு காரியம் செய்தேன். மாப்பிள்ளையாக வரவிருந்தவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். ஒன்பதாம் நாள் அவர் எங்கள் பள்ளி வாசலுக்கு வந்தார்.

"நைனாவுக்கு பஸ் ஒத்துக்கல. உங்க அப்பாகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்று கேட்டேன்.

"அப்பா சொன்னா சொன்னதுதாங்க. நான் இன்னா பண்ண முடியும்?" என்றார். பிறகு அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு வேணா பண்ணலாம். கல்யாணம் ஆன பின்னாடி, எங்க ஊர் ஜனம் வராத பக்கமா, யாருக்கும் தெரியாம ஓட்டிக்கட்டுமே."

நாற்பது ஆண்டுகள் நடுச்சாலையில் மணியடித்துக்கொண்டு போன மனிதரை, திருடனைப் போல ஒளிந்து ஓட்டச் சொன்னார். அதைத் தமது பெருந்தன்மை என்று வேறு நினைத்தார். அவரைப் பிடித்திருந்தது என்று சொன்னேனே, அது அந்த இடத்தோடு முடிந்தது. ஆனாலும் வீட்டில் சொல்லத் துணிவில்லாமல் இன்னும் இரண்டு நாளைக் கடத்தினேன்.

பதினோராம் நாள் மாலை பள்ளி விட்டுச் சந்தை வழியாக வந்தேன். நிறுத்தத்தில் ஒரு பேருந்து கிளம்பாமல் நின்றுகொண்டிருந்தது. படியில் நைனா. சட்டையின் முன்புறம் முழுக்க வாந்தி. நடத்துநர் கத்திக்கொண்டிருந்தார். "இன்னாய்யா பெருசு, வண்டியையே நாறடிச்சிட்ட. ஒத்துக்காதவன் ஊட்லயே குந்த வேண்டியதுதானே. கழுவிட்டுப் போ."

நைனா டீக்கடையில் ஒரு வாளித் தண்ணீர் வாங்கி வந்து, குனிந்து, அந்தப் படியைக் கையால் தேய்த்துக் கழுவினார். கலெக்டர் ஆபீசிலிருந்து ஜீப்பில் வந்தவர்களுக்கே நிமிர்ந்து நின்று பதில் சொன்னவர், தலையைக் குனிந்துகொண்டு கழுவினார். பேருந்தில் இருந்தவர்களில் எனக்குத் தெரிந்த முகங்கள் இரண்டு இருந்தன. இந்த மலர் அவர்களுக்கும் வந்து சேரும். அன்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தீர்களே தவிர, இறங்கி வரவில்லை.

நான் அவரிடம் போகவில்லை. என்னை அவர் பார்த்துவிட்டால் அது அவருக்கு இன்னொரு அவமானம். நேரே காதர் பாய் கடைக்குப் போனேன். "பாய், சைக்கிள எறக்குங்க" என்றேன்.

"ரெண்டு பேரு வந்து கேட்டாங்கம்மா. விக்கிறதுக்கில்லன்னு சொல்லிட்டேன்" என்று சொல்லிக்கொண்டே இறக்கினார். துடைத்து, எண்ணெய் விட்டு, காற்று நிரப்பி வைத்திருந்தார். எனக்கு ஓட்டத் தெரியாது. தெருவெல்லாம் பார்க்கத் தள்ளிக்கொண்டு வந்தேன்.

நைனா சட்டையை மாற்றிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தார். சைக்கிளைப் பார்த்ததும் கோபம் வந்துவிட்டது. "யாரு ஒன்ன எடுத்துக்கினு வரச் சொன்னது?"

"எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம் நைனா."

"புடிச்சிக்கிதுன்னு சொன்னியேம்மா."

"அப்போ புடிச்சிது. இப்போ புடிக்கல."

பள்ளி வாசலில் நடந்ததைச் சொன்னேன். பேருந்து நிறுத்தத்தில் பார்த்ததைச் சொல்லவில்லை. நைனா எழுந்து சைக்கிளைச் சுவரோரம் சாய்த்து நிறுத்தினார். பிறகு என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"நீ வேணாம்னு சொன்னதா வெளிய மூச்சு விடாத. பொண்ணே வேணாம்னு சொல்லிட்டாள்னு தெரிஞ்சா, உன் மாமன் ஊர் ஊரா தப்பட்டை அடிப்பான். நாளைக்கு உன்ன ஒருத்தனும் மதிக்கமாட்டான். நான் சைக்கிள உடமாட்டேன்னு சொல்லிட்டேன்னு இருக்கட்டும். என்ன இன்னா பண்ணிடப் போறான்? கெழவன், பைத்தியம்னுவான். சொல்லிக்கட்டும்."

"அது பொய் நைனா."

"பாதிதானேம்மா பொய்."

மறுநாள் ஏழு மணிக்குச் சைக்கிளில் ஏறி, நேரே பெரிய மாமாவின் அரிசி ஆலைக்குப் போனார். வேலையாட்கள் எல்லாரும் கேட்கும்படி, "மச்சான், என்னால சைக்கிள உட முடியாது. அவங்கள வேற எடம் பாத்துக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டு, இறங்காமலே திருப்பிக்கொண்டு வந்தார்.

அதற்குப் பிறகு நம் குடும்பத்தில் நடந்த ஒவ்வொரு கல்யாணத்திலும், காதுகுத்திலும், கருமாதியிலும் நீங்கள் பேசியது எனக்குத் தெரியும். "சைக்கிளுக்காகப் பெத்த பொண்ணு வாழ்க்கையையே கெடுத்த கெழவன்" என்றீர்கள். என்னைக் கட்டிக்கொண்டு அழுத அத்தைகள் உண்டு. அண்ணன் இரண்டு ஆண்டுகள் நைனாவோடு பேசவில்லை. எல்லாம் நைனாவின் காதில் விழுந்தது. ஒருமுறைகூட அவர் வாய் திறக்கவில்லை. பந்தியில் அவர் உட்கார்ந்த வரிசையில் அடுத்த இலை காலியாகவே இருக்கும். அவர் நிதானமாகச் சாப்பிட்டு, கைகழுவி, சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்புவார்.

அதன்பின் எனக்கு வந்த வரன்களை மறுத்ததும் நான்தான். அவற்றைப் பற்றி எழுதி இந்த மலரின் பக்கங்களை வீணாக்க விரும்பவில்லை.

இதற்கிடையில் கும்மிடிப்பூண்டியைச் சுற்றி ஆலைகள் வரத் தொடங்கின. வேர்க்கடலை போட்ட நிலங்களில் மதில்கள் எழுந்தன. லாரிகள் பெருகின. எழுபது வயதைத் தாண்டிய நைனா அந்த லாரிகளுக்கு நடுவே மணியடித்துக்கொண்டே போனார். காலை ஷிப்டுக்குப் போகும் இளைஞர்களின் சைக்கிள்களை முந்திக்கொண்டு, "இன்னாப்பா, இருவது வயசுலயே மூச்சு வாங்குது? நாஷ்டா துன்னியா இல்லியா?" என்பார். அவர்கள் "பெருசு வருது, ஓரம் போ" என்று சிரித்து வழி விடுவார்கள். பெரிய மாமாவுக்கு அந்த நேரத்தில் சர்க்கரை நோய் வந்து, இரண்டு படி ஏறுவதற்கு ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. அவர் நைனாவைவிட எட்டு வயது இளையவர். ஈஸிசேர் அவருக்கு நன்றாகவே பயன்பட்டது.

எழுபத்தைந்தாம் வயதில், கடைசியாக எளாவூர் வரை போய்வந்த அன்று மதியம் நைனாவுக்குக் காய்ச்சல் கண்டது. ஆறு நாள் படுத்திருந்தார். நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. மருத்துவர் அவருடைய கால்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கால் மட்டும் நாப்பது வயசு ஆளோடது" என்றார். நைனாவுக்கு அதில் மகிழ்ச்சி. வந்தவர்கள் எல்லாருக்கும் போர்வையை விலக்கிக் காட்டினார்.

ஐந்தாம் நாள் வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, பதினோரு ஆண்டுகளாக மனதில் இருந்ததைச் சொன்னேன். "நைனா, நான் அன்னிக்கு பஸ் ஸ்டாண்டுல உங்களப் பாத்தேன்."

"தெரியும்மா. உன் பொடவை தெரிஞ்சிது."

அவருடைய போர்வையைச் சரிசெய்துவிட்டு, "எல்லார்கிட்டயும் உண்மையச் சொல்லிடட்டுமா? இப்போ எனக்குப் பயம் ஒண்ணுமில்ல" என்றேன்.

சிரித்தார். அதில் இருமல் வந்துவிட்டது. "நான் இருக்கும்போது வேணாம். இவனுங்க எல்லாம் வந்து மன்னிப்பு கேட்டுக்கினு என் எதுருல குந்திருந்தா, அது காய்ச்சலவிட பேஜாரு. நான் போன பின்னாடி சொல்லு." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "ஆனா ஒண்ணும்மா. சோறு போட்டுட்டு சொல்லு. முன்னாடியே சொன்னா ஒருத்தனும் துன்னமாட்டான். பசியோட அனுப்பக்கூடாது."

மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்கு நைனா எங்களை விட்டுப் பிரிந்தார்.

அவருடைய ஆறு நாளும் வேளை தவறாமல் வந்து பார்த்த மருத்துவருக்கும், தாமே கஞ்சி கொண்டுவந்து கொடுத்த காதர் பாய் வீட்டம்மாவுக்கும், பழவேற்காட்டுக் குப்பங்களிலிருந்து சொல்லி அனுப்பாமலே வந்து பாடையைத் தோளில் சுமந்தவர்களுக்கும், ஷிப்டை மாற்றிக்கொண்டு இறுதி ஊர்வலத்தில் சைக்கிள்களைத் தள்ளியபடி நடந்து வந்த ஆலைத் தொழிலாளர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றியைக் கைகூப்பித் தெரிவித்துக்கொள்கிறேன். இந்தக் கட்டுரையைப் படித்துப் பார்த்து, ஒரு வரியையும் நீக்காமல் அச்சுக்கு அனுப்பிய அண்ணனுக்கும் நன்றி.

முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வருகை தந்த உறவினர்களுக்கு நைனாவின் சார்பில் என் வணக்கம். அவர் கேட்டுக்கொண்டபடியே, நீங்கள் எல்லாரும் வயிறார உண்டு, கைகழுவி எழுந்த பிறகுதான் இந்த மலர் உங்கள் கைகளில் கொடுக்கப்படுகிறது.